குமரி மாவட்டத்தில் இவ்வளவு வளம் இருந்தும் தொழிற்சாலை ஏன் இல்லை?

கோவையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "வேலை விஷயமாக இரண்டு முறை நாகர்கோவில் வந்தேன். மலை, அணை, ரப்பர், தென்னை, வாழை, மீன், கனிம மணல், காற்றாலை என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் சொல்லும்படியான ஒரு தொழிற்சாலை கண்ணில் படவில்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார். இத்தனை வளத்தை ஏன் யாரும் பயன்படுத்தவில்லை? துறைமுகம் வந்தால் நிலைமை மாறுமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வளம் எவ்வளவு என்பது ஒன்று. அதன் பலன் எங்கே போய்ச் சேருகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எளிது. இரண்டாவதில்தான் இந்த மாவட்டத்தின் கதை இருக்கிறது. "பயன்படுத்தவில்லை" என்று சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நன்றாகவே பயன்படுகிறது. பணம் கூடும் இடம்தான் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

நான் படித்தது நிலவியல். இதே மாவட்டத்தில் 24 ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். அருமனைப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற எண்பது சென்ட் ரப்பர் இருக்கிறது. பாறை, மணல், தண்ணீர், ரப்பர் இவற்றைப் பற்றி உறுதியோடு பேசுவேன். கடல்தொழில் எனக்குக் கரையில் நின்றும், கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள் வழியாகவும் தெரிந்தது. மருத்துவம் என் துறையே அல்ல. கதிர்வீச்சு பற்றிச் சொல்லுமிடத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தை விரித்து ஒரு அளவுகோலை வையுங்கள். வடகிழக்கு எல்லையில் மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து கடல் நேர்கோட்டில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். அந்த இடைவெளிக்குள் அடர்காடு, தோட்டப்பயிர் விளையும் மேட்டுநிலம், வயலும் குளமும், தேரிமணல், கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கையும் ஒரே நாளில் பேருந்திலேயே பார்த்துவிடலாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். பார்க்க அழகான ஏற்பாடு, பிழைப்புக்கு நெருக்கடியான ஏற்பாடு. மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 18.7 லட்சம், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். பரப்பில் ஏறக்குறைய முப்பது சதவீதம் காடு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆள் குடியிருக்கும் நிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,600 பேர் வருகிறார்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பேருந்தில் வந்தால் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் தெரியாது. உங்கள் கோவையில் ஆலை கட்டிய மாதிரி இங்கே சேர்ந்தாற்போல் ஐம்பது ஏக்கர் எடுக்க வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான வீடுகளையும் வாழைத்தோட்டங்களையும் கிணறுகளையும் எடுத்தாக வேண்டும். பெரிய ஆலை இல்லாததற்கு முதல் காரணம் இந்த இடநெருக்கடிதான் என்பது என் கணிப்பு. சோம்பலோ அரசியலோ அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் தாராளமாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. குமரியின் மேற்குப் பகுதி அதில் ஒன்று. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே மழை இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஆடியில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. அதே நாளில் அஞ்சுகிராமத்தில் பனைமரத்தடியில் புழுதி பறக்கும். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான் அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டியது. 1897ல் தொடங்கி 1906ல் முடித்தார்கள். கட்டிய பொறியாளர் மிஞ்சின் இறந்த பிறகு அணையருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னால் பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் சேர்ந்தன. அனந்தனாறு, புத்தனாறு, தோவாளை சானல்கள் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீரைக் கொண்டுபோயின. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். சானலில் வரும் நீர் குளத்தில் நிறைந்து, குளத்திலிருந்து வயலுக்குப் போய், வயலின் கசிவு அடுத்த குளத்தில் சேரும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்காமல் போயிருந்தால் அடுத்த முறை அவசியம் பாருங்கள். பரளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே 115 அடி உயரத்தில், ஏறக்குறைய 1,240 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டி. 28 தூண்கள். காமராஜர் காலத்துத் திட்டம், 1966ல் முடிந்தது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக மட்டுமே இவ்வளவு கட்ட வேண்டியிருந்தது. இந்த மாவட்டத்தில் சமதளம் எவ்வளவு அரிது என்பதை என் வகுப்புப் பாடங்களைவிட அந்தப் பாலம் நன்றாகச் சொல்லிவிடும்.

தண்ணீர் வந்தும் நெல் நிற்கவில்லை. வயலில் முதலில் வாழை வந்தது, வாழைக்குப் பிறகு தென்னை, தென்னைக்குப் பிறகு மனைக்கல். குளங்கள் பல சுருங்கிவிட்டன, சில பேருந்து நிலையமாகவும் அலுவலகமாகவும் மாறிவிட்டன. விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது சென்ட் வயலில் இரண்டு போகம் நெல் போட்டு, நடவுக்கும் அறுப்புக்கும் கூலி கொடுத்து, பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது. அந்த முப்பது சென்டை வீட்டுமனையாக விற்றால் கிடைக்கும் பணத்தை நெல் ஒரு தலைமுறையிலும் தராது.

ரப்பரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. விளவங்கோடு, திருவட்டாறுப் பக்கம் விடியற்காலை நான்கரைக்கு நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பால்வெட்டுக்கு இறங்குவார்கள். பட்டையைச் சாய்வாக, காகிதம் போன்ற ஒரு சீவலாகச் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம், குறைந்தால் பால் இறங்காது. பால் சொட்டி சிரட்டையில் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு வாளியோடு போய் எடுத்து, அரித்து, தண்ணீர் சேர்த்து, அலுமினிய டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்துவைத்தால் மறுநாள் அது பால்கட்டி மாதிரி உறைந்திருக்கும். கையால் அமுக்கி நீரைப் பிழிந்து, ரோலரில் விட்டு ஷீட் அடித்து, வெயிலில் வாட்டி, புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். சிரட்டையில் ஒட்டி உறைந்ததை ஒட்டுப்பால் என்று தனியாகச் சேர்த்துவைப்பார்கள், அதற்கும் விலை உண்டு. எங்கள் மரங்களில் பால்வெட்டிய அம்மையார் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "மக்கா, மழைக்கும் விலைக்கும் நடுவுல நாம கிடக்கோம்." அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. மழை பெய்தால் வெட்டு நிற்கும். விலையோ நம் கையிலேயே இல்லை. 2011 ஏப்ரலில் ஒரு கிலோ ஷீட் 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே விழுந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் எங்கள் மண்ணோ மரமோ மாறவில்லை. கச்சா எண்ணெய், சீனாவின் கொள்முதல், தாய்லாந்து, வியட்நாம் உற்பத்தி எல்லாம் சேர்ந்து முடிவுசெய்த விலை அது. இங்குள்ள வியாபாரி காலையில் கேரளத்து ரப்பர் சந்தையான கோட்டயத்தின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பார். ஷீட் லாரியில் ஏறி எல்லை தாண்டிப் போய் டயராக மாறுகிறது. ஷீட்டைக் கிலோக் கணக்கில் விற்கும் கட்டம் இங்கே நடக்கிறது, அதைப் பல மடங்காக்கும் கட்டம் வேறெங்கோ நடக்கிறது.

ரப்பர் இங்கே வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களோடு. பிறகு சிறுவிவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசே ரப்பர் தோட்டங்களை வளர்த்தது. 1984ல் அவை அரசு ரப்பர் கழகமாயின. கீரிப்பாறை, கோதையாறு பக்கத்துக் குடியிருப்புகளில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்றும் இருக்கிறது. அவர்களுடைய வாழ்வு தனியாக எழுத வேண்டிய ஒன்று.

பலர் அறியாத ஒன்று, மார்த்தாண்டம் தேனுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். பூவில் வருவது அல்ல, இலையில் வருவது. தேனீக்கள் அதைத்தான் சேர்க்கின்றன. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் பெட்டித்தேன் வளர்ப்பைப் பரப்பினார். 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து பெட்டிகளைக் காலிசெய்தது. அதிலிருந்தும் மீண்டார்கள். நிலமே இல்லாத குடும்பம்கூட அடுத்தவர் தோட்டத்தில் பெட்டி வைத்துச் சம்பாதிக்கும் தொழில் இது. இந்த மாவட்டத்தின் நெருக்கடிக்கு இதைவிடப் பொருத்தமான தொழிலை நான் பார்த்ததில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாறாமலை, வெள்ளிமலை பக்கம் விளையும் கிராம்பு, ஈத்தாமொழித் தென்னை, மட்டி வாழைப்பழம் மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. தோவாளைப் பூ கேரளத்துக்குப் போகும், ஓணத்துக்கு முந்தைய வாரம் அங்கே நின்றால் காசு புரளுவது தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைத்தொடர் முறியும் இடத்தில் தென்மேற்குக் காற்று நெருங்கிப் பாய்வதால் முப்பந்தல் காற்றாலைகள் வந்தன. காற்றாலைக்குக் கட்டும்போது வேலை உண்டு, கட்டியபின் காவலாளியும் சில தொழில்நுட்பக்காரர்களும் போதும். கோதையாற்று நீர்மின் நிலையங்கள் 60, 40 மெகாவாட். அந்த மின்சாரமும் பொதுத் தொகுப்புக்குத்தான் போகிறது.

இனி மணல். ஜூன், ஜூலையில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் மணல் கறுப்பாகக் கிடக்கும். வலுவான ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மணலுக்கு மேலே பிடியுங்கள், கறுப்புத் துகள்கள் மயிர்க்கூச்செறிந்த மாதிரி எழுந்து ஒட்டும். அதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. ஒட்டாமல் கீழே நிற்கும் மஞ்சள்பழுப்புத் துகள்களில், கதிர்வீச்சுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமமும் இருக்கும். இவை கடலில் பிறந்தவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்தன. பருவமழைக் காலத்து அலை எடை குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு, கனமானதைக் கரையில் விட்டுவிடுகிறது. முறத்தில் புடைக்கிற வேலையைக் கடல் செய்கிறது. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்று அதிலுள்ள தோரியம் வாயு விளக்கின் மேன்டில் செய்யத் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. இன்று அங்கே இருப்பது மத்திய அரசின் அருமணல் நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஊரில் மணலாலை என்பார்கள். இல்மனைட் வெள்ளை நிறமியாகிப் பெயின்டில் சேரும், சிர்க்கான் பீங்கானுக்குப் போகும், கார்னெட் உப்புத்தாளுக்குப் போகும். மோனசைட்டிலுள்ள அருமண் தனிமங்கள் காந்தத்துக்கும் மின்னணுவுக்கும் தேவை. இங்கே நடப்பது தோண்டுவதும் பிரிப்பதும்தான், பொருளாக மாறுவது வேறிடத்தில்.

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்பார்கள். உறுதியானது இது: மோனசைட் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண இடங்களைவிட அதிகம், ஆலை வருவதற்கு முன்பும் அப்படித்தான். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் அந்த முடிவைத் தூக்கிவந்து "தோண்டினாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்வது தவறு. அங்கே அளந்தது வீடுகளின் உள்ளும் புறமும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சை. தோண்டி, பிரித்து, தூசி பறந்து, கழிவைக் கொட்டும்போது மனிதன்மேல் படுவது வேறு கணக்கு. அதற்கு ஊர் ஊராகத் தனி அளவீடு வேண்டும், அதன் விவரம் மக்கள் கையில் இருக்க வேண்டும். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024ல் அவ்வளவு எதிர்ப்பு எழுந்ததை வெறும் பயம் என்று தள்ள என்னால் முடியாது. நான் மேலே சொன்ன நெருக்கடியை எண்ணிப்பாருங்கள். 1,144 ஹெக்டேர் என்பது பதினொரு சதுர கிலோமீட்டருக்கு மேல்.

கடல் இந்த மாவட்டத்தின் உண்மையான பெருநிலம். குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்னும் ஆழம் குறைந்த மேடை பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. மழைக்காலத்தில் அடிநீர் மேலெழும்பி மீனுக்கு இரை சேர்க்கும் இடம். 1976ல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் அது இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையின் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கரையின் கணக்குப்படி ஜூன், ஜூலை.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை அடுத்தடுத்துக் கிடக்கும் தூத்தூர் வட்டார ஊர்களின் ஆட்கள் இந்தியாவின் மிகச் சிறந்த ஆழ்கடல் மீனவர்களில் சேர்ந்தவர்கள். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடப்பார்கள். ஆனால் அவர்கள் படகுகளில் பல கொச்சியைத் தளமாகக் கொண்டவை. மீன் அங்கே இறங்குகிறது, ஏலம் அங்கே நடக்கிறது, பனிக்கட்டியும் டீசலும் அங்கே வாங்கப்படுகின்றன. மாவட்டத்தின் மீன்பிடிப் புள்ளிவிவரத்தில் அந்த மீன் வராது. துயரம் மட்டும் தவறாமல் இங்கே வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. என் மாணவன் ஒருவன் அந்த வாரம் முழுக்கக் கரையிலேயே நின்றான். மாமா வரவில்லை. பிறகு வகுப்புக்கு வந்தபோது, "சார், புயல் எப்படி உருவாகுதுன்னு இன்னொருக்கா சொல்லித் தாருங்க" என்றான். அன்று நடத்திய பாடத்தை நான் மறக்கவில்லை.

அப்புறம் ஆட்கள் வெளியே போவது. 2011ல் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மிஷன் பள்ளிகளும், திருவிதாங்கூர் காலத்துச் சமூகப் போராட்டங்களும் போட்ட அடித்தளம் அது. படித்தவனுக்கு எண்பது சென்ட் ரப்பர் போதாது, உள்ளூரில் ஆலையும் இல்லை. நர்ஸ், பொறியாளர், கொத்தனார், ஓட்டுநர் என்று வெளியேறினார்கள். அவர்கள் அனுப்பும் பணம் மாவட்டத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பணம் முதலில் நிலத்திலும் வீட்டிலும் இறங்குகிறது. நிலவிலை ஏறுகிறது. ஏறிய விலையில் விவசாயமும் கட்டுப்படியாகாது, தொழிற்சாலையும் கட்டுப்படியாகாது. நீங்கள் கண்ட பெரிய வீடுகளுக்கும், காணாத ஆலைகளுக்கும் காரணம் ஒன்றே.

கடைசியாகத் துறைமுகம். இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பால் இடம் கன்னியாகுமரி அருகேயுள்ள கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாறியது, அங்கும் எதிர்ப்பு. இப்போது எல்லைக்கு அப்பால், களியக்காவிளையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரத்தில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் இயங்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு சரக்குப்பெட்டகத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே எவ்வளவு சரக்கு வரும் என்பது விவாதத்துக்குரியது. விவாதமே இல்லாதது கரையின் போக்கு. இந்தக் கரையோரம் மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டி நீட்டினால் ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் அரிக்கும். அரிக்கும் ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்சுவர், கேட்பார்கள், அதைப் போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு, படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. எனவே புதிய பெருந்துறைமுகத்தைவிட இருக்கும் மீன்பிடித் துறைமுகங்களின் வாயிலை ஆழமாக வைப்பதும், கொச்சியில் இறங்கும் மீனில் ஒரு பங்காவது இங்கே இறங்கும்படி ஏலக்கூடமும் குளிர்பதனக் கிடங்கும் அமைப்பதும் நேரடியாக வேலை தரும் என்று நினைக்கிறேன். ரப்பருக்கும் அப்படியே. டயர் ஆலைக்கு இங்கே இடமில்லை. கையுறை, பாய், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இடம் உண்டு, படித்த ஆளும் உண்டு.

அடுத்த முறை வந்தால் களியக்காவிளைச் சாலையில் அரைமணி நேரம் நில்லுங்கள். இங்கிருந்து பாறைக்கல் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும் லாரிகளையும், அதே வழியாகப் போகும் ரப்பர் லாரிகளையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை என்று எழுதினால் மற்றதைப் பேசுவோம்.